கடைசிப் புத்தகத்தைப் பறிக்காதீர்கள்

அரையாண்டு விடுமுறைக்கு வந்த என் பேத்தி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே வீட்டுக்குள் நுழைந்தாள். பெரம்பலூர்ப் பக்கம் ஒரு விடுதிப் பள்ளியில் பிளஸ் டூ படிக்கிறாள்.

"என்ன பாப்பா, மார்க் குறைஞ்சிடுச்சா?" என்றேன்.

"மார்க்கெல்லாம் வந்துடுச்சு தாத்தா. புக்கப் புடுங்கிட்டாங்க."

பாடப் புத்தகம் இல்லை, கதைப் புத்தகம். மூன்று பாகமாக வந்த ஓர் ஆங்கில நாவலின் மூன்றாம் பாகம். முதல் இரண்டையும் பத்தாம் வகுப்பு விடுமுறையில் முடித்துவிட்டாள். மூன்றாவதைப் பெரம்பலூர் புத்தகத் திருவிழாவில், அவளே சேர்த்து வைத்த காசில் வாங்கியிருக்கிறாள். பாதி படித்தபோது விடுதிக் காப்பாளர் தலையணைக்கு அடியிலிருந்து எடுத்துப் போய் அலமாரியில் பூட்டிவிட்டார். "லவ் ஸ்டோரி. அதுவும் கடைசில அந்தப் பொண்ணு செத்துப் போகுது. பப்ளிக் எக்ஸாம் நேரத்துல இதெல்லாம் மனசக் கெடுக்கும்" என்றாராம். புத்தகத்தைப் பிடுங்கியதோடு நிற்காமல் முடிவையும் சொல்லிக் கெடுத்திருக்கிறார் பாருங்கள். முப்பத்தொரு வருடம் நூலகத்தில் இருந்தவன் நான். இந்த இரண்டாவது குற்றத்தைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

அன்று இரவு சாப்பாட்டு நேரத்தில் பேச்சு எழுந்தது. மாப்பிள்ளை காப்பாளர் கட்சி. "அவங்க செஞ்சது சரிதான் மாமா. பரீட்சை முடியட்டும், அப்புறம் படிக்கட்டும். அதுவும் இந்த மாதிரி அழுகைப் புத்தகம் வயசுப் பொண்ணுக்கு எதுக்கு? நம்ம கல்கி எழுதலையா? எல்லாத்தையும் மங்களமா முடிக்கல?" என்றார். என் மகளும் தலையாட்டினாள். அவள் தலையாட்டியதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். அதில் எனக்கும் பங்கு இருக்கிறது.

நான் அன்று சண்டை போடவில்லை. மாப்பிள்ளையோடு சாப்பாட்டு நேரத்தில் சண்டை போடக்கூடாது என்பது எங்கள் வீட்டம்மாவின் சட்டம். அதனால் இங்கே போடுகிறேன்.

முதலில் அந்தப் புத்தகம் என்ன என்று சொல்லிவிடுகிறேன். நம் வயதுக்காரர்கள் பலருக்குத் தெரிந்திருக்காது. எழுதியவர் வெரோனிகா ராத் என்ற அமெரிக்கப் பெண். முதல் பாகம் 'டைவர்ஜென்ட்' 2011இல் வந்தது, 'இன்சர்ஜென்ட்' 2012, கடைசிப் பாகம் 'அலீஜியண்ட்' 2013 அக்டோபரில். அந்த அம்மாவுக்கு அப்போது வயது இருபத்தைந்துதான். கதை நடப்பது வருங்காலத்துச் சிக்காகோவில். பாதி இடிந்து கிடக்கும் நகரம், சுற்றிலும் வேலி. உள்ளே மக்களை ஐந்து பிரிவாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். தன்னலம் பாராதவர்கள், அஞ்சாதவர்கள், அறிவாளிகள், உண்மை பேசுகிறவர்கள், இணங்கி வாழ்கிறவர்கள். பதினாறு வயது ஆனதும் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு சோதனை. அதன் பிறகு ஊரைக் கூட்டி ஒரு சடங்கு நடத்துவார்கள். பிள்ளை தன் உள்ளங்கையைக் கத்தியால் கீறி, தான் சேரப்போகும் பிரிவின் கிண்ணத்தில் ரத்தத்தைச் சொட்ட வேண்டும். வேறு பிரிவைத் தேர்ந்தெடுத்தால் பெற்ற தாய் தகப்பனை விட்டுப் போய்விட வேண்டும். சேர்ந்த இடத்தில் தேறாவிட்டால் எந்தப் பிரிவும் இல்லாமல் தெருவில் கிடக்க வேண்டியதுதான்.

பேத்தி சொல்லி முதல் பாகத்தைப் போன வருடமே படித்துவிட்டேன். என் ஆங்கிலத்துக்கு ஒரு மாதம் ஆயிற்று. படிக்கும்போது எனக்குச் சிக்காகோ கண்ணில் தெரியவில்லை. மே மாதத்தில் ரிசல்ட் வரும் காலைதான் தெரிந்தது. 2022இல் பிளஸ் டூ தேர்ச்சியில் பெரம்பலூர் மாநிலத்திலேயே முதல் இடம், 97.95 சதவீதம். 2025இல் அரியலூர் முதல் இடம், 98.82 சதவீதம். ஒரு காலத்தில் பின்தங்கிய பகுதி என்று எழுதப்பட்ட ஊர்கள் இவை. எனக்கும் பெருமைதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்தக் காலையில் எல்லாரும் கைபேசியைத் தடவிக்கொண்டு நிற்கும்போது, அந்த நூறில் சேராத ஒன்றே சொச்சம் பிள்ளைகள் எந்தத் திண்ணையில் யார் கண்ணில் படாமல் உட்கார்ந்திருப்பார்கள் என்று நம்மில் யாராவது விசாரித்ததுண்டா? அந்த அமெரிக்கப் பெண் விசாரித்திருக்கிறாள். என் பேத்தி தலையணைக்கு அடியில் அந்தப் புத்தகத்தை வைத்துக்கொண்டது காதலுக்காக மட்டும் என்று நினைக்கிறவர்கள் அதைத் திறந்து பார்க்காதவர்கள்.

இனி மாப்பிள்ளை சொன்ன மங்கள முடிவு. "பொன்னியின் செல்வன் அஞ்சாம் பாகம் படிச்சிருக்கீங்களா மாப்பிள்ளை?" என்று மறுநாள் காப்பி குடிக்கும்போது மெதுவாகக் கேட்டேன். "படம் ரெண்டு பாகமும் பார்த்துட்டேன் மாமா" என்றார்.

அங்கேதான் வம்பு. 2023இல் வந்த அந்த இரண்டாம் படத்தில் மணிமேகலை என்ற பெண்ணே கிடையாது. புத்தகத்தில் அவள் கடம்பூர்ச் சம்புவரையர் மகள். அண்ணன் கந்தமாறன் வாயால் கேட்டுக் கேட்டே வந்தியத்தேவன் மேல் ஆசையை வளர்த்துக்கொண்ட பெண். வீட்டார் அவளை அரச குடும்பத்தில் கொடுக்கக் கணக்குப் போடுகிறார்கள். அவனோ குந்தவையை நினைத்துக்கொண்டிருக்கிறான். ஆதித்த கரிகாலனைக் கொன்ற பழி அவன் மேல் விழுந்தபோது, கொன்றது நான்தான் என்று சொல்லிப் பழியைத் தன் தலையில் போட்டுக்கொள்ளத் துணிந்தவள் அவள். அதற்குப் பிறகு சித்தம் கலங்கிப் போகிறாள். கல்கி கடைசி அத்தியாயத்தை அருள்மொழியின் தியாகத்துக்குக் கொடுக்கவில்லை, குந்தவை கல்யாணத்துக்கும் கொடுக்கவில்லை. 'மலர் உதிர்ந்தது' என்று தலைப்புப் போட்டு மணிமேகலையின் சாவுக்குக் கொடுத்தார். ஐந்து பாகம், மூன்றரை வருடத் தொடர், கடைசிப் பக்கத்தில் வந்தியத்தேவன் மடியில் ஒரு சிறு பெண் கண்ணை மூடுகிறாள். இதுதான் மங்கள முடிவு!

நம் ஊர்க்காரர்களுக்கு இதில் இன்னொரு பாத்தியதையும் இருக்கிறது. கதையில் வரும் பழுவேட்டரையர்கள் நம் மாவட்டத்துக்காரர்கள். திருச்சி ரோட்டில் கீழப்பழுவூரில் பஸ் நிற்கிறதே, அதே பழுவூர். கீழையூர் இரட்டைக் கோயிலிலும் மேலப்பழுவூரிலும் அவர்கள் பெயர் கல்வெட்டில் இருக்கிறது. முதல் பராந்தக சோழன் பெண் எடுத்த வீடு அது. கல்கி பெரிய பழுவேட்டரையரை அறுபத்து நான்கு விழுப்புண் பட்ட வீரராக அறிமுகப்படுத்துகிறார். கிழ வயதில் நந்தினியை மணந்து, கண் மறைந்து, ராஜ்யத்துக்கே கேடு சூழ்ந்தது தெரியாமல் இருக்கிறார். நான்கு பாகம் வரை அவரைப் பார்த்துச் சிரிக்கலாம், கோபப்படலாம். ஐந்தாம் பாகத்தில் அவர் தன் தவறு முழுவதையும் கண்ணால் பார்த்து, எல்லார் முன்னும் ஒப்புக்கொண்டு, தன் வாளுக்கே தன்னைக் கொடுக்கும்போது சிரிப்பு போய்விடும். அந்தப் பாகத்தைப் படிக்காதவனுக்குப் பழுவேட்டரையர் கடைசி வரை ஒரு பொல்லாத கிழவர்தான். பழுவூர் பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டே அப்படிப் பேசுகிறவர்களைக் கேட்டிருக்கிறேன். வயிறு எரியும்.

அதற்கு முன்னால் எழுதிய 'சிவகாமியின் சபதம்' மட்டும் என்ன? நான்காம் பாகத்தின் பெயரே 'சிதைந்த கனவு'. வாதாபி எரிந்து, சபதம் நிறைவேறி, சிவகாமி காஞ்சிக்குத் திரும்பி வந்தால் மாமல்லனுக்குக் கல்யாணமாகிப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவள் ஏகாம்பரநாதர் சன்னிதியில் தன்னை ஒப்புக்கொடுக்கிறாள். 1940களிலும் 50களிலும் இதைத்தான் நம் தாத்தா பாட்டிகள் வாரா வாரம் காத்திருந்து படித்தார்கள். வயசுப் பெண்கள் அடுப்படியில் ஒளித்து வைத்துப் படித்தார்கள். யார் மனசும் கெட்டுப்போனதாக எனக்குத் தெரியவில்லை.

சோகம் பிடிக்காமல் சண்டை போட்டவர்கள் அன்றும் இருந்தார்கள். 1954இல் தொடர் முடிந்ததும், திருப்திப்படாத வாசகர்களுக்கென்று கல்கி ஒரு முடிவுரை எழுத வேண்டியதாயிற்று. அவர் என்ன ஆனார், இவள் என்ன ஆனாள் என்று கேட்டவர்களுக்கு அதில் பதில் சொன்னார். ஆனால் மணிமேகலையை மட்டும் எழுப்பி உட்கார வைக்கவில்லை. அதே வருடம் டிசம்பரில் அவரே போய்விட்டார்.

நான் வேலை பார்த்த கிளை நூலகத்தில் ஐந்தாம் பாகத்தின் கடைசிப் பக்கத்தில் யாரோ பென்சிலால் "அநியாயம்" என்று எழுதியிருந்தார்கள். அதற்குக் கீழே வேறு கையெழுத்தில் "அவளுக்கு ஏன் இந்தத் தண்டனை?" அதற்கும் கீழே "இதுதான் சரி" என்று மூன்றாவது ஆள். நூலகப் புத்தகத்தில் எழுதுவது தவறு. ரப்பர் வைத்து அழித்தேன். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் மறுபடி "அநியாயம்". அதையும் அழித்தேன். வேலையை ஒழுங்காகச் செய்கிறோம் என்ற நினைப்பு. இன்றைக்கு நினைத்தால், முகம் தெரியாத மூன்று பேர் ஒரு பெண்ணுக்காக வழக்காடிய இடத்தைத் துடைத்திருக்கிறேன். (இடைச்செருகலாக ஒன்று. நான் உட்கார்ந்த நாற்காலி மாறவேயில்லை. ஆனால் 1995க்கு முன்னால் அது திருச்சி மாவட்டம், பிறகு பெரம்பலூர், 2001இல் அரியலூர், 2002இல் மறுபடி பெரம்பலூர், 2007இல் மறுபடி அரியலூர். ரப்பர் ஸ்டாம்ப் மாற்றி மாற்றியே கை ஓய்ந்தது.)

துடைத்தது அது ஒன்று மட்டும் இல்லை. என் மகள் சின்னவளாக இருந்தபோது கரண்ட் போன ராத்திரிகளில் மொட்டை மாடியில் படுத்துக்கொண்டு பொன்னியின் செல்வன் கதை முழுவதையும் சொன்னேன். பல மாதம் ஓடியது. கடைசிக்கு வந்தபோது அவளுக்கு மணிமேகலையை ரொம்பப் பிடித்துப் போயிருந்தது. எனக்கு மனசு வரவில்லை. ஒரு வைத்தியர் வந்தார், சித்தம் தெளிந்தது, கொடும்பாளூர்ப் பக்கத்து நல்ல வீரன் ஒருவன் வந்து மணிமேகலையைக் கட்டிக்கொண்டு போனான் என்று முடித்துவிட்டேன். குழந்தை நிம்மதியாகத் தூங்கியது. நானும் நல்ல அப்பன் என்ற நினைப்பில் தூங்கினேன்.

நாலு வருடம் கழித்து, ஒன்பதாவது படிக்கும்போது, என் நூலகத்திலேயே ஐந்தாம் பாகத்தை எடுத்துப் படித்துவிட்டாள். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் கேட்டாள்: "நாலு வருஷமா அவளுக்குக் கல்யாணம் ஆயிடுச்சுன்னே நெனச்சுக்கிட்டு இருந்தேம்ப்பா. வேற என்னென்ன மாத்திச் சொன்னீங்க?"

அவள் எந்தக் கதையையும் பிறகு என்னிடம் கேட்கவில்லை. நேராகப் புத்தகத்துக்குப் போய்விட்டாள். அதுவும் நல்லதுக்குத்தான் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆனால் அந்தக் கேள்வி இன்னும் காதில் நிற்கிறது. அப்படிக் கேட்ட அதே பெண்தான் இப்போது தன் மகள் விஷயத்தில் தலையாட்டுகிறாள். சமையல்கட்டில் தனியாக இருக்கும்போது ஞாபகப்படுத்தினேன். "அது வேறப்பா" என்றாள். என்ன வேறு என்று அவளும் சொல்லவில்லை, நானும் விடவில்லை.

அமெரிக்காவிலும் இதே கதைதான். 'அலீஜியண்ட்' வந்ததும் வாசகர்கள் அந்த எழுத்தாளரைப் பிடித்துத் திட்டித் தீர்த்தார்கள். காதலர்கள் சேர வேண்டாமா, மூன்று பாகம் கூடவே வந்தோமே என்று ஆத்திரம். அந்த ஆத்திரத்தை நான் குறை சொல்ல மாட்டேன், அது பென்சிலால் எழுதிய "அநியாயம்" போலத்தான். குறை சொல்வது கடைக்காரர்களை. அந்த நாவலைப் படமாக எடுத்தவர்கள் கடைசிப் பாகத்தை வசூலுக்காக இரண்டாகப் பிரித்தார்கள். முதல் பாதி 2016இல் வந்து படுத்துவிட்டது. இரண்டாம் பாதியை எடுக்கவே இல்லை. படத்தை மட்டும் பார்த்தவர்களுக்கு அந்தக் கதைக்கு இன்றுவரை முடிவே கிடையாது!

மாப்பிள்ளையின் பயம் பொய்யான பயம் என்று நான் சொல்லவில்லை. அவர் பெயர் சொல்லாமல் எதை நினைத்தார் என்று எனக்குத் தெரியும். 2017 செப்டம்பர் முதல் தேதி செந்துறைப் பக்கம் குழுமூரில் நடந்ததை இந்த மாவட்டத்தில் யாரும் மறக்க முடியாது. 1200க்கு 1176 எடுத்த பிள்ளை. டாக்டராக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் வரை போன பிள்ளை. பெண்ணைப் பெற்றவர்கள் எல்லாரும் அன்று இரவு தங்கள் பிள்ளை தூங்கும் அறையை ஒருமுறை எட்டிப் பார்த்தார்கள். நான் என் பேத்தியைப் பார்த்தேன், அப்போது அவளுக்கு ஒன்பது வயது. ஆனால் மாப்பிள்ளை, அந்தச் சோகம் எந்தக் கதைப் புத்தகத்திலிருந்து வந்தது? நம் பிள்ளைகளுக்குச் சாவு என்றால் என்ன என்று நாவல் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பேப்பரும் டிவியும் சொல்லிவிட்டன. அதை உட்கார்ந்து பேச ஒரு இடம்தான் அவர்களுக்கு இல்லை. விடுதியில் இல்லை, டியூஷனில் இல்லை, சாப்பாட்டு நேரத்திலும் இல்லை.

இன்னொன்று. காப்பாளரும் மாப்பிள்ளையும் படிக்காமல் பேசுகிற அந்த முடிவில், அந்தப் பெண் சாக ஆசைப்பட்டுச் சாகவில்லை. இரண்டாம் பாகத்தில் குற்ற உணர்ச்சியால் உயிர் வெறுத்திருந்தவள்தான். மூன்றாம் பாகத்தில் அவளுக்கு வாழத்தான் ஆசை. தனக்குத் துரோகம் செய்த அண்ணனைச் சாவதற்கு அனுப்பிவிட்டால் அவள் பிழைத்துக்கொள்ளலாம். அவனை அனுப்பாமல் தானே போகிறாள், தப்பி வந்துவிடலாம் என்ற நம்பிக்கையோடு போகிறாள். அதற்குப் பிறகும் புத்தகம் முடியவில்லை. அவளைக் காதலித்தவன் துக்கம் தாங்காமல், நினைவையெல்லாம் அழித்துவிடும் மருந்து ஒன்றைக் குடிக்கப் போகிறான். குடித்தால் அவளே நடந்திராத மாதிரி ஆகிவிடும். ஒரு தோழி வந்து தடுக்கிறாள். அவன் அந்த நினைவோடேயே வாழ்கிறான். பதினேழு வயதுப் பிள்ளைக்கு இதைவிட உபயோகமான பக்கங்களை எந்த வழிகாட்டி நூலில் காட்டுவீர்கள்?

ஆங்கிலம் என்பதால் எதிர்ப்பு என்றால் அதற்கும் பதில் இருக்கிறது. சுஜாதா 'என் இனிய இயந்திரா' என்று ஆனந்த விகடனில் எழுதினாரே, 2021ஆம் வருடத்தை வைத்து? பிள்ளை பெற்றுக்கொள்ளவே அரசாங்கம் அனுமதி தர வேண்டிய நாடு, ஜீவா என்று ஒரு தலைவர், கடைசியில் பார்த்தால் அந்தத் தலைவரே வெறும் பிம்பம். நிலா என்ற அந்தப் பெண்ணையும் ஜீனோ என்ற இயந்திர நாயையும் வைத்து 'மீண்டும் ஜீனோ' என்று அடுத்ததும் வந்தது. நாம் அதைப் படித்துவிட்டு ஆபீசுக்குப் போகவில்லையா?

பரீட்சை முக்கியம் என்கிறார்கள். முக்கியம்தான். பாதி படித்த புத்தகத்தைப் பூட்டி வைத்தால் பிள்ளை அந்த நேரத்தில் இயற்பியல் படிக்கும் என்று நினைப்பவர்கள் ஒருநாளும் பாதிப் புத்தகத்தை இழந்ததில்லை. அவள் விளக்கை அணைத்துவிட்டு மீதிக் கதையைத் தானே கட்டிக்கொண்டு படுத்திருப்பாள். இருநூறு பக்கம் மிச்சம். இரண்டு ராத்திரி வேலை.

அதனால் நான் செய்தது இதுதான். மறுநாள் காலை திருச்சிக்கு பஸ் ஏறினேன். பழைய புத்தகக் கடை ஒன்றில் கிடைத்தது, மூலை மடங்கிய பிரதி, நூற்றெண்பது ரூபாய். கொண்டுவந்து பேத்தி கையில் கொடுத்தேன். வீட்டம்மா, "மாப்பிள்ளைக்குத் தெரிஞ்சா என்ன நெனப்பாரு?" என்றாள். தெரியட்டும் என்றுதான் கூடத்திலேயே கொடுத்தேன். மாப்பிள்ளை பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை, பேப்பரைத் திருப்பிக்கொண்டார்.

இரண்டாம் நாள் ராத்திரி ஒன்றரை மணிக்குக் கூடத்தில் விளக்கு எரிந்தது. போய்ப் பார்த்தால் அழுதுகொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்தேன். "எனக்கு முன்னாடியே தெரியும் தாத்தா, வார்டன் சொல்லிட்டாரு. தெரிஞ்சும் இப்படி இருக்கு" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "அந்த ரைட்டர் மேல எனக்குக் கோவம்தான், மாத்த மாட்டேன்" என்றாள். மாற்ற வேண்டாம் என்றேன். அப்புறம் அந்த அண்ணனைப் பற்றிப் பேசினோம், அவனை மன்னிக்கலாமா என்று. அதிலிருந்து அவளுடைய வகுப்பில் படிக்கும் ஒரு பெண்ணைப் பற்றிச் சொன்னாள். போன மாதம் பாதி பரீட்சையில் எழுந்து போய்விட்ட பெண்ணாம். அன்றிலிருந்து யாரும் அவளோடு பேசுவதில்லையாம். "நானும்தான் பேசல தாத்தா." இதை அவள் அவளுடைய அம்மாவிடமோ அப்பாவிடமோ சொல்லியிருக்கவில்லை. மணி மூன்றாகிவிட்டது.

பள்ளிக்குத் திரும்பியதும் முதல் ஞாயிற்றுக்கிழமை போன் பேசும்போது, அந்தப் பெண்ணோடு சேர்ந்து சாப்பிட உட்கார்ந்ததாகச் சொன்னாள். அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

பள்ளி நிர்வாகத்துக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன். மாணவியின் சொந்தக் காசில் வாங்கிய புத்தகம், அதைத் திருப்பித் தர வேண்டும், அல்லது காப்பாளர் அதை முழுதாகப் படித்து முடித்துவிட்டு வைத்துக்கொள்ளட்டும் என்று. பதிவுத் தபாலில் போயிருக்கிறது. பதில் வந்தால் இங்கே போடுகிறேன்.